ஹற்றனில் இருந்து வந்த அந்தூரியம் துவண்டு கிடக்கிறது, தண்ணீர் கூட்டவா?

பாரதிபுரம்காரி – ஜூலை 6

எல்லோருக்கும் வணக்கம். ஓர் அந்தூரியச் செடியைக் காப்பாற்ற வழி கேட்டு வந்திருக்கிறேன். என் போனில் படம் ஏறவில்லை, அதனால் கண்ணால் பார்த்ததை அப்படியே எழுதுகிறேன்.

சித்திரை வருடப்பிறப்புக்கு ஹற்றனுக்குப் போயிருந்தபோது பெரிய மாமா தந்த செடி. எங்கள் அம்மாயி தேயிலைத் தோட்டத்து லய வீட்டு வாசலில் வளர்த்ததன் பக்கக்கன்று. அப்பாவின் குடும்பம் 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்தில் இருந்து கிளிநொச்சிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறியது. அம்மா அப்புறம் கலியாணமாகி வந்தவர். அம்மாயி போன வருடம் இறந்துவிட்டார். இப்போது இந்தச் செடியில் ஓர் இலை பழுத்தால் அன்றைக்கு அம்மா சரியாகப் பேசுவதில்லை.

வரும்போது 7 இலையும் ஒரு சிவப்புப் பூவும் இருந்தன. பஸ்ஸில் வழி முழுக்க மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தேன். மே மாதம் டவுனில் ஒரு பீங்கான் சாடி வாங்கி, வயல் மண், மாட்டெரு, கொஞ்சம் மணல் கலந்து மாற்றி நட்டோம். இப்போது மிஞ்சியிருப்பது 3 இலை. கீழ் இலைகள்தான் முதலில் மஞ்சளாகிக் காம்போடு தொய்ந்து விழுந்தன. இருக்கிற இலைகளின் நுனி மண்ணிறமாகக் கருகிவருகிறது. பூவின் சிவப்பு மங்கிப் பச்சையாகிவிட்டது. மத்தியானமானால் செடி முழுக்கத் துவண்டு சாடியின் விளிம்பில் சாய்ந்துவிடுகிறது.

அம்மா காலையில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுவார். துவளுவதைப் பார்க்கப் பொறுக்காமல் நான் பின்னேரமும் அரைச் செம்பு ஊற்றுகிறேன். குழாய்க்கிணற்றுத் தண்ணீர். விறாந்தைச் சீமெந்து நனையக் கூடாது என்று சாடிக்குக் கீழே தட்டு வைத்திருக்கிறோம். சோளகம் தொடங்கியதில் இருந்து விறாந்தையில் நாள் முழுக்கக் காற்று. சாடி விளிம்பில் உப்புப் பூத்தது போல ஒரு வெள்ளைப் படை இருக்கிறது. சாடியை அசைத்தால் மண்ணில் இருந்து பொடி ஈக்கள் எழும்புகின்றன.

தண்ணீரை இன்னும் கூட்ட வேண்டுமா? பசளை ஏதும் போடலாமா?


வயலோரம் – ஜூலை 6

இலை மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு. நெல்லுக்கு நாங்கள் அப்படித்தான் பார்ப்போம். ஒரு தேக்கரண்டி யூரியாவைக் கரைத்து விடுங்கோ, ஒரு கிழமையில் பச்சை பிடிக்கும்.


ஒட்டுசுட்டான் நிழல்வலை – ஜூலை 6

தங்கச்சி, யூரியா வேண்டாம். தண்ணீரும் இன்றைக்கு வேண்டாம். அந்தத் தட்டை இப்போதே எடுத்து, அதில் நிற்கிற தண்ணீரைக் கொட்டிவிட்டு வந்து மிச்சத்தைப் படியுங்கள்.

வயலோரம் தம்பி சொன்னது நெல்லுக்குப் பொருந்தும். நெல்லின் தண்டுக்குள் இலையில் இருந்து வேர்வரை காற்று இறங்க வழி உண்டு, அதனால் அது சேற்றில் நின்றும் மூச்சுவிடும். அந்தூரியத்துக்கு அந்த வசதி இல்லை. அது கொலம்பியா, ஈக்குவடோர் மழைக்காட்டுச் செடி. மரப்பட்டையிலும் உக்கின இலைக்குவியலிலும் வேரைப் பிடித்துக்கொண்டு வளர்கிற இனம். அங்கே மழை கொட்டும், கொட்டியது வடியும், வடிந்த கையோடு வேருக்குக் காற்றுப் படும். சேம்பும் கருணையும் இதற்குச் சொந்தம்தான், ஆனால் கிணற்றடியில் செழித்து நிற்கிற சேம்பைப் பார்த்து இதையும் அப்படி நினைக்கக் கூடாது.

நீங்கள் எழுதியதில் நான் முதலில் கவனித்தது, மண் ஈரமாக இருக்கும்போதே செடி துவளுகிறது என்பதை. தண்ணீர் இல்லாமல் துவண்ட செடி என்றால் சாடியைத் தூக்கும்போதே பாரம் இல்லாமல் இருக்கும், ஊற்றினால் ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் நிமிரும். உங்களுடையது நிமிரவில்லை. கீழ் இலை மஞ்சள், பொடி ஈ, எந்நேரமும் தண்ணீர் நிற்கிற தட்டு, வயல் மண். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் வேர் அழுகுகிறது. அழுகின வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அதனால்தான் ஊற்ற ஊற்றச் செடி துவளுகிறது, துவளத் துவள நீங்கள் ஊற்றுகிறீர்கள். சாடியின் அடித்துளையில் மூக்கை வைத்துப் பாருங்கள். வாய்க்கால் சேற்று மணம் வந்தால் சந்தேகமே வேண்டாம்.

பூ பச்சையானதற்குக் கவலைப்படாதீர்கள். அந்தூரியப் பூ வயதானால் அப்படித்தான் ஆகும்.

வீட்டோடு ஒரு நிழல்வலைக் கொட்டில் போட்டு நான் செடி விற்கிறேன். தொடங்கின வருடம் வெளியூரில் ஓரிடத்தில் 40 அந்தூரியக் கன்றுகள் வாங்கிவந்தேன். களிமண்ணை இறுக்கி அடைத்துத் தந்திருந்தார்கள். நானும் பிரித்துப் பார்க்கவில்லை. ஒவ்வொன்றாக வாட வாட, வாடினதற்கெல்லாம் கூடுதலாகத் தண்ணீர் ஊற்றினேன். 3 மாதத்தில் 26 கன்றுகள் போய்விட்டன. கடைசியாகப் போனதைப் பிடுங்கி எறியும்போதுதான் அதன் வேரைப் பார்த்தேன். முதலாவது வாடின அன்றே பார்த்திருந்தால் பாதியையாவது காப்பாற்றியிருப்பேன். அதிலிருந்து, காரணம் தெரியாமல் ஒரு செடி வாடினால் தண்ணீர்ச் செம்பை எடுக்க முன்னர் சாடியைத்தான் கவிழ்க்கிறேன்.

நீங்களும் இன்று பொழுதுபட்ட பிறகு, வெயிலும் காற்றும் அடங்கின நேரத்தில் அதைச் செய்யுங்கள். பழைய பேப்பரை விரித்து, தண்டின் அடியை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு சாடியைக் கவிழ்த்து அடியில் தட்டுங்கள். இழுக்க வேண்டாம். வாளித் தண்ணீரில் வேரை அலசி மண் முழுவதையும் போக்குங்கள். பிறகு ஒவ்வொரு வேரையும் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து மெல்ல உருவிப் பாருங்கள். நல்ல வேர் வெள்ளையாகவோ இளமஞ்சளாகவோ கட்டியாக இருக்கும், விரலுக்குள் நசியாது. அழுகினது மண்ணிறமாகி, அவித்த மரவள்ளிக்கிழங்கின் தோல் கழருகிற மாதிரி மேல்தோல் கையோடு வந்துவிடும். உள்ளே நூல் மாதிரி ஒரு நரம்பு மட்டும் தொங்கும். அப்படி உருவிக்கொண்டு வருகிறதை எல்லாம் வெட்டுங்கள், வெட்டுமுகம் வெள்ளையாகத் தெரியும்வரை வெட்டுங்கள். புது பிளேட்டை ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டுப் பாவியுங்கள். வெட்டின இடத்தில் கொஞ்சம் கறுவாத்தூள் தொட்டுவைப்பது என் வழக்கம். இதன் பால் கருணைக்கிழங்கு போலவே கடிக்கும். கண்ணைக் கசக்காமல் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், சின்னப் பிள்ளைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். இருக்கிற 3 இலையையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இலையின் ஓரத்தில் எண்ணெய் பட்டது போலக் கசிந்த புள்ளியும் அதைச் சுற்றி மஞ்சள் வளையமும் தெரிந்தால், வேலையை நிறுத்திவிட்டு எனக்கு எழுதுங்கள். அது பக்டீரியா நோய். 1980களில் ஹவாய்த் தீவுகளில் அந்தூரியத் தோட்டங்களை அழித்தது அதுதான். தண்ணீர் தெறித்தாலும் பரவும், வெட்டின பிளேட்டாலும் பரவும். அப்படியான செடியை எரிப்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியாது. நுனி மட்டும் காய்ந்திருந்தால் அது வேறு கதை, நாளைக்குச் சொல்கிறேன்.


பாரதிபுரம்காரி – ஜூலை 6, இரவு

அக்கா, கவிழ்த்தேன். கிணற்றடியில் அம்மா டோர்ச் பிடித்துக்கொண்டு நின்றார்.

மண் சாடியின் உருவத்திலேயே கட்டியாக வந்து விழுந்தது. அடிப்பக்கம் கறுத்து, நீங்கள் சொன்ன அதே சேற்று மணம். அலசி எண்ணினேன். 15 வேரில் 11 தோல் உருவிக்கொண்டு வந்துவிட்டது. விரலில் அந்தத் தோல் வழுவழுவென்று ஒட்டியபோது அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். 4 வேர் வெள்ளையாக இருக்கிறது, அதில் ஒன்று சின்னவிரல் நீளம்தான். வெட்டிவிட்டேன். தண்டின் அடி கையால் அமத்தினால் கல்லுப் போல இருக்கிறது. மண்ணுக்கு மேலே இலைக்காம்பு விழுந்த இடங்களில் கடுகு அளவில் 3 முளை போலத் தெரிகிறது. அது என்ன?

இலையை டோர்ச்சுக்கு எதிரே பிடித்துப் பார்த்தோம். புள்ளி ஒன்றும் இல்லை. நுனிக்கருகல் மட்டும்தான்.

இப்போது வெறும் செடி ஒரு பேசினில் கிடக்கிறது. எதில் நடுவது? மாமா போனில் பேசினார், அங்கே அவர் சும்மா மண்ணில்தான் வைத்திருக்கிறாராம், ஒன்றும் ஆகவில்லையாம். அப்படியென்றால் நாங்கள் என்ன பிழை விட்டோம்?


ஒட்டுசுட்டான் நிழல்வலை – ஜூலை 7, காலை

நான்கு வேர் போதும். தண்டு கட்டியாக இருக்கிறதுதான் பெரிய நல்ல செய்தி. நீங்கள் கண்ட கடுகு முளைகள் புது வேர்கள். அம்மாவிடம் சொல்லுங்கள்.

மாமா சொல்வதும் உண்மை. ஹற்றன் 1,200 மீற்றருக்கு மேலே இருக்கிற ஊர். குளிர், பனி, அடிக்கடி மழை. அந்த மண் சரிவில் வடியும், தேயிலைக் கொழுந்து எடுக்கிறவர்கள் நடக்கிற பாதை இறுகியிருந்தாலும் வாசல் ஓரத்து மண் இலை உக்கிப் பொருபொருப்பாகத்தான் இருக்கும். வயல் மண் அப்படி அல்ல. அது தண்ணீரைப் பிடித்துவைப்பதற்காகவே நாங்கள் சேறடித்துப் பழக்கின மண். அதை வழுவழுப்பான பீங்கான் சாடிக்குள் போட்டால் பக்கத்தாலும் காற்றுப் போகாது. பிழை என்று எடுக்காதீர்கள், நல்ல மண் என்று நினைத்துத்தானே போட்டீர்கள்.

இனி நடுவதற்கு: தேங்காய்ப் பொச்சைப் புளியங்கொட்டை அளவில் நறுக்கி இரண்டு பங்கு, சிரட்டைக்கரி உடைத்தது ஒரு பங்கு, உடைந்த ஓட்டுத்துண்டு ஒரு பங்கு, உக்கின இலை ஒரு கைப்பிடி. பச்சைப் பொச்சை அப்படியே போடக் கூடாது. ஊறவைத்தால் தேயிலைச் சாயம் போல ஒரு தண்ணீர் வரும், அது தெளியும்வரை நாளுக்கு ஒருதரம் மாற்றி ஊற்றுங்கள். அதற்கு ஒரு கிழமையாவது பிடிக்கும், அதுவரை செடி காத்திருக்காது. பக்கத்தில் ஒருவருடைய மதிலோரத்தில் ஒரு மாரி மழை நனைந்த பழைய பொச்சுமட்டை கிடக்கும், அதைக் கேட்டு எடுங்கள், அதுதான் திறம். சாடி சின்னதாக, வேர் அடங்கி இரண்டு விரல் இடம் விடுகிற அளவு. மண்சாடி என்றால் நல்லது. பீங்கான் சாடியைச் சோடனைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கடுகு முளைகள் வரை கலவையால் மூடுங்கள், தண்டின் உச்சியை மூடக் கூடாது.

இலை 3ஐயும் விட்டுவிடுங்கள், பூவை மட்டும் அடியோடு வெட்டுங்கள். பூவைத் தாங்குகிற பலம் இப்போது அதற்கு இல்லை.

நுனிக்கருகலும் வெள்ளைப் படையும் தண்ணீரால் வந்தவை. உங்கள் வீட்டுக் கேத்தலின் உள்ளே வெள்ளையாக ஓடு கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அதே சுண்ணாம்புதான் சாடி விளிம்பிலும் பூத்திருக்கிறது. தண்ணீர் ஆவியாகும், உப்பு மண்ணிலேயே தங்கும், ஊற்ற ஊற்றச் சேரும், கடைசியில் இலை நுனியைச் சுடும். தட்டில் வடிந்த தண்ணீரைச் செடி திரும்ப உறிஞ்சினால் இன்னும் மோசம். மாரியில் பீலித் தண்ணீரைப் பரலில் பிடித்தால் இந்தத் தொல்லை இல்லை, பரலுக்கு நுளம்பு போகாத வலை கட்ட வேண்டும். இந்த ஜூலையில் மழைக்கு எங்கே போவது? தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, அடியில் படிந்ததை விட்டு மேல் தெளிவை மட்டும் ஊற்றுங்கள். சுண்ணாம்பில் ஒரு பகுதி கேத்தலிலேயே தங்கிவிடும். சவர்த் தண்ணீருக்கு இந்த வைத்தியம் சரிவராது, உப்பு அப்படியே இருக்கும்.


செட்டிகுளம் – ஜூலை 7

அக்கா சொன்ன தண்ணீர்க் கதைக்கு நானும் சாட்சி. வவுனியா மாவட்டத்தில் பல கிணறுகளில் சுண்ணாம்போடு புளோரைட்டும் கூட. நான் தொங்கவிட்டிருந்த குளோரோபைற்றமும் டிரசீனாவும் வருடக்கணக்காக நுனி கருகியே வளர்ந்தன. நோய் என்று நினைத்து மருந்துகூட அடித்தேன். சிறுநீரக நோய்ப் பயத்தால் எங்கள் ஊரில் குடிக்க ஆர்.ஓ. தண்ணீர் (உப்பை வடித்தெடுத்த தண்ணீர்) வாங்கத் தொடங்கினோம், அதில் மிஞ்சினதைச் செடிக்கும் ஊற்றினோம். அதன் பிறகு வந்த புது இலைகளில் கருகல் இல்லை. பழைய கருகல் ஆறாது, கத்தரிக்கோலால் இலையின் வடிவத்துக்கு வெட்டிவிடலாம்.

ஒரு யோசனை: வேர் வெட்டின செடியை வெள்ளைப் பொலித்தீன் பையால் மூடி வைத்தால் ஈரப்பதன் காக்கும், சீக்கிரம் பிழைக்கும்.


ஒட்டுசுட்டான் நிழல்வலை – ஜூலை 7, இரவு

தம்பி, பொலித்தீனில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. குளிரான ஊரில் அது நல்ல முறை. இங்கே பகலில் 34, 35 பாகை போகிற நேரத்தில் மூடி வைத்த செடி உள்ளேயே அவிந்துபோகும். நான் ஒருமுறை ஒரு மத்தியானம் திறக்க மறந்து இரண்டை இழந்தேன்.

தங்கச்சி, உங்கள் வீட்டில் குடிதண்ணீர் மண்பானை ஈர மணலில் இருக்குமானால், அந்த மூலைதான் இந்தச் செடிக்கு இப்போது ஆஸ்பத்திரி. பானை கசியும், மணல் குளிரும், சோளகம் நேரே அடிக்காது. யன்னல் வெளிச்சம் எட்ட வேண்டும், வெயில் படக் கூடாது. விளக்குப் போடாமல் ஒரு புத்தகம் வாசிக்கக்கூடிய வெளிச்சம் இருந்தால் சரி. சாடியை மணலில் புதைக்காமல் ஒரு ஓட்டுத்துண்டின் மேல் வையுங்கள்.

இனித் தண்ணீருக்குக் கணக்கு நேரம் இல்லை. ஓர் ஈர்க்கைக் கலவைக்குள் இரண்டு அங்குலம் குத்தி, ஐந்து நிமிடம் விட்டு எடுத்து உதட்டில் தொட்டுப் பாருங்கள். குளிர்ந்தால் ஊற்ற வேண்டாம். காய்ந்திருந்தால் அடியால் வடியும்வரை ஊற்றுங்கள், வடிந்ததைக் கொட்டுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக நாள்தோறும் தொட்டுவிடுகிற பழக்கத்தை அம்மா விட வேண்டும், அதுதான் உங்களுக்குக் கஷ்டமான வேலையாக இருக்கப் போகிறது. அம்மாவுக்கு வேறொரு வேலை கொடுங்கள்: ஈரத் துணியால் மூன்று இலையையும் மேலும் கீழும் துடைப்பது. இலைக்கு அடியில் பஞ்சு போல வெள்ளைப்பூச்சி வந்தாலும் துடைக்கிற கைக்குத்தான் முதலில் தெரியும்.

பசளை புது இலை விரிந்த பிறகு. அதுவரை அந்தப் பேச்சே வேண்டாம். இன்னும் ஓர் இலை விழும், அதற்குப் பயந்து திரும்பக் கவிழ்த்துப் பார்க்காதீர்கள். ஆறு கிழமை தொடாமல் விடுங்கள்.


வயலோரம் – ஜூலை 8

அக்கா, நெல்லின் தண்டுக்குள் காற்று வழி இருக்கிற விசயம் இவ்வளவு வருடம் விதைத்தும் எனக்குத் தெரியாது. இன்று ஒரு தாளைக் குறுக்காக வெட்டிப் பார்த்தேன், உள்ளே ஓட்டை தெரிகிறது. யூரியா சொன்னதை மீளப் பெறுகிறேன். பாரதிபுரம் அக்காவுக்குப் பழைய பொச்சுமட்டை வேண்டுமென்றால் எங்கள் வளவில் ஒரு குவியலே கிடக்கிறது, பரந்தன் சந்திக்குக் கொண்டுவந்து தரலாம்.


பாரதிபுரம்காரி – ஆகஸ்ட் 29

அக்கா, ஏழு கிழமை கழித்து வருகிறேன். சொல்ல ஏதாவது இருந்தால்தான் எழுதுவது என்று இருந்தேன்.

தம்பி தந்த பொச்சில்தான் நட்டோம். ஜூலை கடைசியில் நீங்கள் சொன்னபடியே ஓர் இலை மஞ்சளாகி விழுந்தது. அன்றைக்கு அம்மா செம்போடு வந்து நின்றார். நான் ஈர்க்கை எடுத்து அவருடைய உதட்டில் வைத்தேன். “குளிருது” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். அதற்குப் பிறகு ஈர்க்கு அம்மாவின் கையில்தான் இருக்கிறது, என்னைத் தொடவிடுவதில்லை. பத்து நாளைக்கு மூன்று தரம்தான் தண்ணீர் போகிறது. முதலில் எனக்கு நம்பவே முடியவில்லை.

போன வெள்ளிக்கிழமை, விழுந்த இலைக்காம்பின் அடியில் ஒரு கூர் தெரிந்தது. இன்று காலையில் அது என் சுட்டுவிரல் நீளம். சுருட்டின வெற்றிலை போல இறுக்கமாக இருக்கிறது, பச்சையே இல்லை, புளியங்கொழுந்தின் செம்மண்ணிறம். எண்ணெய் பூசினது போல மினுங்குகிறது. அம்மா அதை மாமாவுக்குப் போனில் காட்டினார். மாமா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை, அப்புறம் “அம்மா செடியில கொழுந்து இப்படித்தான் வரும்” என்றார்.

ஒரு கேள்வி. கடுகு முளையில் ஒன்று வளர்ந்து சாடிக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. வெட்டவா, உள்ளே மடித்துவிடவா?


ஒட்டுசுட்டான் நிழல்வலை – ஆகஸ்ட் 29

வெட்டவும் வேண்டாம், மடக்கவும் வேண்டாம், முறிந்துவிடும். அது காட்டில் மரத்தைத் தேடுகிற வேர். ஈரப் பொச்சில் ஒரு துண்டை அதன் அருகே சாடி விளிம்பில் கட்டிவிடுங்கள், தானாகப் பிடிக்கும்.

அந்தச் செந்நிற இலை முழுக்க விரிந்து பச்சையாகித் தடிக்கும்வரை துணியால் துடைக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள், இளம் இலையில் விரல் பட்டாலும் தழும்பாகும். பிறகு பசளை, பையில் எழுதியிருக்கிற அளவில் கால்வாசி, மாதத்துக்கு ஒருமுறை.

ஒக்டோபரில் மழை தொடங்கினதும் செடிக்கு நல்லது என்று முற்றத்தில் கொண்டுபோய் வைத்துவிடாதீர்கள். கூரைத் தாழ்வாரத்துத் தண்ணீர் நேரே தண்டின் உச்சியில் விழுந்தால் அங்கேயே அழுகும். பரலைத்தான் பீலிக்குக் கீழே வைக்க வேண்டும், இப்போதே ஒன்று பார்த்து வையுங்கள். மாரி வந்த பிறகு டவுனில் பரல் விலை ஏறிவிடும்.